பரணில் தூங்குதா பாட்டி வீட்டு ஊஞ்சல் பலகை? நீங்களே பாலிஷ் போடலாம் வாங்க!

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியிருந்த ஓட்டு வீடுகளில் பாதிக்கு மேல் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். தி.நகரிலும் அடையாறிலும் அதே கதைதான். வீட்டை இடிக்கும்போது நிலைக்கதவைச் சிலர் கேட்டு வாங்கிப் போவார்கள். தூண்களைப் பழைய சாமான் வியாபாரி எடுத்துக்கொள்வார். ஊஞ்சல் பலகையை மட்டும் யாருக்கும் கொடுக்க மனசு வராது. 'அப்பா உட்கார்ந்த பலகை', 'என் கல்யாணத்துல ஊஞ்சல் ஆடினது' என்று சொல்லி புது ஃப்ளாட்டுக்குத் தூக்கி வருவோம். வந்த பிறகு? கட்டிலுக்கு அடியில், பரணில், மொட்டை மாடி ஓரத்தில்... பல வருஷமாக அது அங்கேயேதான் இருக்கும்.

ஒவ்வொரு போகிக்கும் வீட்டில் ஒரு பேச்சு எழும். "இதை இந்த வருஷமாவது எடைக்குப் போட்டுடலாமா?" என்று ஒருவர் கேட்பார். "அது பர்மா தேக்குடா, கை வைக்காதே" என்று பெரியவர் அதட்டுவார். பலகை மறுபடியும் பரணுக்கே போகும்.

இந்த வருஷம் அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டலாம். மர வேலையே தெரியாதவர்கள்கூட இரண்டு மூன்று வார இறுதிகளில் ஓர் ஊஞ்சல் பலகையைப் புதுப்பித்துவிட முடியும். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது பொறுமையும், 'மேலே பூசியிருப்பது என்ன' என்று கண்டுபிடிக்கும் ஒரு சின்ன சோதனையும்தான். அந்தச் சோதனையைச் செய்யாமல் உப்புத்தாளைக் கையில் எடுப்பவர்கள்தான் நல்ல பலகையைக் கெடுத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கட்டாயம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசையும், கரையானுக்குப் பிடிக்காத வேதிப்பொருள்களும் இருக்கின்றன. அதனால்தான் கப்பல் கட்டுவதற்கு அதைத் தேடித் தேடி வெட்டினார்கள். காடுகளில் தேக்கு குறைந்துபோகவே, அன்று மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த நிலம்பூரில் 1840-களில் ஆங்கில அரசு தேக்குத் தோட்டமே போட்டது. மலபார் கலெக்டராக இருந்த கானலியின் பெயரால் அழைக்கப்படும் அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் கேரளாவில் நிற்கிறது.

பழைய பலகைகள் பெரும்பாலும் நன்கு முற்றிய மரத்தில் அறுத்தவை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு தேக்குப் பலகை சுமார் 28 கிலோ இருக்கும். அந்த அளவில் ஒரே துண்டாக முற்றிய தேக்கை இன்று வாங்கப் போனால் விலையைக் கேட்டே திரும்பி வந்துவிடுவோம்.

இன்னொரு விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிகள் பிஸ்கட் போல உப்பி உதிர்ந்தன. கெட்டியான தேக்குச் சாமான்கள் கறுத்து, சேறு படிந்து, பார்க்க சகிக்காமல் கிடந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. நனைந்த பலகையை வெயிலில் போடாமல், நிழலில் செங்கல் மேல் தூக்கி வைத்து, காற்றோட்டமாகப் பல வாரங்கள் உலரவிட்டால் மீட்டுவிடலாம். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வளைந்துவிடும், வெடித்துவிடும்.

முதல் வேலை: பலகை பாரம் தாங்குமா?

ஊஞ்சல் மேலே மனிதர்கள் உட்காருவார்கள். அதனால் அழகுக்கு முன்னால் பத்திரத்தைப் பாருங்கள். பலகையைக் கவிழ்த்துப் போட்டு நான்கு மூலைகளிலும் சங்கிலி வளையம் மாட்டும் ஓட்டைகளைக் கவனியுங்கள். ஓட்டையிலிருந்து பலகையின் ஓரம் வரை விரிசல் ஓடியிருந்தால் பாலிஷ் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பலகையை முதலில் தச்சரிடம் காட்டுங்கள். அடியில் குறுக்குச் சட்டம் இருந்தால் அது ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டைகளும், தட்டினால் மாவு போலக் கொட்டும் தூளும் இருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. அதற்கு மருந்து வைத்த பிறகுதான் அடுத்த வேலை.

கையோடு இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அது கெட்டி மரம்தானா? ஊஞ்சல் பலகைகள் பொதுவாகக் கெட்டி மரம்தான். ஆனால், இதே உற்சாகத்தில் அடுத்து டைனிங் டேபிளைத் தேய்க்கக் கிளம்புவீர்கள் அல்லவா? அப்போது ஓரத்தைப் பாருங்கள். மேல்பக்க ரேகை ஓரத்திலும் தொடர்ந்து வந்தால் கெட்டி மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட் மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தாள். அதைத் தேய்த்தால் சில நிமிடங்களில் தேக்கு போய் உள்ளே இருக்கும் பிளைவுட் பல்லிளிக்கும்.

இரண்டாவது வேலை: மேலே இருப்பது என்ன?

இதுதான் அந்தச் சின்ன சோதனை. பலகையின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள்.

* வெள்ளைப் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு அந்த இடத்தில் வைத்து, இரண்டு நிமிடம் கழித்துத் தேயுங்கள். பிசுபிசுவென்று இளகி, பஞ்சு பழுப்பானால் அது அரக்குப் பூச்சு. அதாவது பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட் இல்லையென்றால் கை கழுவும் சானிடைசரே போதும். அதிலும் ஆல்கஹால்தான் இருக்கிறது.
* ஸ்பிரிட்டுக்கு அசையவில்லையா? அடுத்து தின்னரில் முயலுங்கள். இளகினால் லேக்கர் பூச்சு.
* இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷ், மெலமைன் அல்லது பி.யூ. வகை.
* ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மரம் அதை உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் மேலே பூச்சே இல்லை அல்லது எப்போதோ தடவிய எண்ணெய் தேய்ந்துபோய்விட்டது.

அரக்கு என்று தெரிந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அரக்குப் பூச்சு எத்தனை வருஷம் கழித்தும் ஸ்பிரிட்டில் மறுபடி இளகும். மேலே கீறலும் மங்கலும் மட்டும் இருந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டாம். அழுக்கை எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டை மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தடவினால் பழைய பூச்சே இளகிக் கீறல்களை மூடிக்கொள்ளும். அதன் மேல் புதிதாக ஒன்றிரண்டு பூச்சு கொடுத்தால் போதும்.

இன்னும் சில பலகைகளுக்கு அதுவும் வேண்டியதில்லை. மேலே இருப்பது வெறும் தூசியும், தலை சாய்த்த இடத்து எண்ணெய்ப் பிசுக்கும்தான். இளஞ்சூடான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். காய்ந்ததும் மெழுகு பாலிஷ் தடவித் தேயுங்கள். பலகை பளிச்சென்று ஆகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒருமுறை தேய்த்து எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் குறைவாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பெயின்ட் அடித்த பலகையா? குழந்தைகளை விலக்குங்கள்!

சில வீடுகளில் ஊஞ்சலுக்குப் பச்சை, காவி நிற எனாமல் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோக பெயின்ட்களில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தால் அந்த ஈயம் தூளாகிக் காற்றில் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம் இது. கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து.

எனவே பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவி, இளகிய பிறகு தகட்டால் வழித்தெடுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேயுங்கள். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வேலை முடிந்ததும் அப்படியே சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். என்-95 மாஸ்க், கையுறை கட்டாயம். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் வெளியே ஆள் வைத்துச் செய்துவிடுவது நல்லது.

உப்புத்தாள் கணக்கு

பழைய அரக்குப் பூச்சு ரொம்பவே பாழாகியிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பிளாஸ்டிக் நாரால் தேய்த்து, துணியால் வழித்தெடுங்கள். இரும்பு நார் வேண்டாம். அதன் துகள் தேக்கில் தங்கினால் ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளி வைக்கும்.

பூச்சு போன பிறகு உப்புத்தாள். நம்பர் குறைந்தால் சொரசொரப்பு அதிகம். மேடு பள்ளம் அதிகம் இருந்தால் மட்டும் 80. இல்லையென்றால் 120-ல் ஆரம்பித்து 180, பிறகு 220. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிப் போகாதீர்கள். முந்தைய தாள் போட்ட கோட்டை அழிப்பதுதான் அடுத்த தாளின் வேலை. தாண்டினால் அந்தக் கோடுகள் பாலிஷ் போட்ட பிறகு வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கும்.

தாளை வெறும் விரலால் அழுத்தாமல் ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் போகவே போகாது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தும்மலையும் கொண்டுவரும் என்பதால் இங்கேயும் மாஸ்க் அவசியம்.

ஓரங்களையும் மூலைகளையும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். மூன்று தலைமுறை கால் தொங்கவிட்டு ஆடியதில் முன்விளிம்பு வழவழவென்று உருண்டிருக்கும். அந்த வளைவைத் தேய்த்து நேராக்கினால் பலகை புதுசாகத்தான் தெரியும். ஆனால், அது உங்கள் வீட்டுப் பலகையாகத் தெரியாது.

பள்ளத்துக்கு இஸ்திரிப் பெட்டி, கறுப்புக் கறைக்கு ஆசிட்

ஏதாவது விழுந்து மரம் அமுங்கியிருந்தால் அதற்கு எளிய வைத்தியம் இருக்கிறது. பூச்சு இல்லாத வெறும் மரத்தில் அந்தப் பள்ளத்தின் மேல் ஈரத்துணியை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடி அழுத்துங்கள். நீராவி உள்ளே போனதும் அமுங்கிய மர நார் உப்பி மேலே வரும். நான்கைந்து முறை செய்தால் பள்ளம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். நார் அறுந்துபோன வெட்டுக் காயத்துக்கு மட்டும் இது உதவாது.

பழைய ராணுவ ரைபிள்களின் மரக்கட்டையில் விழும் பள்ளங்களை எடுப்பதும் இதே நீராவி முறையில்தான். மரம் துப்பாக்கியில் இருந்தாலும் ஊஞ்சலில் இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதானே!

கறைகளில் இரண்டு வகை. டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் தெரிந்தால் ஈரம் பூச்சுக்குள் மட்டும் தங்கியிருக்கிறது. பூச்சை இளக்கினாலே அது போய்விடும். வளையத்தைச் சுற்றியும் ஆணியைச் சுற்றியும் தெரியும் கறுப்பு வேறு. அது இரும்பும் ஈரமும் மரத்தோடு கலந்து உண்டான கறை. இதற்கு ஆக்ஸாலிக் ஆசிட் தூள் உதவும். ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கரைத்து, கறையில் தடவி, கால் மணி நேரம் கழித்துச் சுத்தமான தண்ணீரால் மூன்று நான்கு முறை துடைத்தெடுங்கள். தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம். இது விஷம். கையுறை போடுங்கள். சமையலறைப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். காய்ந்து வெள்ளையாகப் படிந்த தூளை அப்படியே உப்புத்தாளால் தேய்த்து மூச்சில் இழுக்காதீர்கள்.

மரத்தோடு பித்தளைச் சங்கிலியும் இருந்தால் அதற்குப் பாட்டி வைத்தியமான புளியே போதும்.

எண்ணெயா, அரக்கா, பி.யூ.வா?

இப்போது உங்கள் முன்னால் வெறும் மரம். மூன்று வழிகள் இருக்கின்றன.

லின்சீட் ஆயில்: ஆளி விதை எண்ணெய். கிரிக்கெட் மட்டைக்குத் தடவுவோமே, அதேதான். இரண்டு உலகப்போர்களிலும் வீரர்கள் தங்கள் ரைபிள் கட்டைக்குத் தேய்த்ததும் இதைத்தான். ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டு வாங்குங்கள். பச்சை எண்ணெய் உலர நாள்கணக்கில் ஆகும். துணியால் மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுசாகத் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. மூன்று நான்கு பூச்சு போதும். துடைக்காமல் விட்டால் வேஷ்டியில் ஒட்டும். முதல்முறை செய்பவர்களுக்கு மிக எளிது. பளபளப்பு குறைவு, தண்ணீரிலிருந்து பாதுகாப்பும் குறைவு.

பிரெஞ்சு பாலிஷ்: பழைய பலகைகளுக்கு மிகப் பொருத்தம். ஆழமான பளபளப்பு வரும், கீறினால் சரிசெய்வதும் சுலபம். ஆனால், சூடான காபி டம்ளரும் சானிடைசரும் இதற்கு ஆகாது.

வார்னிஷ் அல்லது பி.யூ.: தண்ணீர், சூடு, குழந்தைகளின் ஆட்டம் எல்லாவற்றையும் தாங்கும். பால்கனியில் ஊஞ்சல் போடுபவர்களுக்கு இது சரி. ஆனால், பிற்காலத்தில் கெட்டால் முழுவதும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தேக்கின் எண்ணெய்ப் பசையால் சில சமயம் இது சரியாகக் காயாது. பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் மரத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

அரக்குப் பூச்சி தந்த பளபளப்பு

பிரெஞ்சு பாலிஷ் என்ற பெயரைக் கேட்டு பிரான்ஸிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். பூசும் முறைக்குத்தான் அந்தப் பெயர். சரக்கு நம் ஊருடையது. மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் பழங்குடி மக்கள் இதை வளர்த்து அறுவடை செய்கிறார்கள். இதை ஆராய்வதற்காகவே ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924-ல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. தாத்தா காலத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதர் பாட்டு ஒலித்த கிராமபோன் இசைத்தட்டுகூட அரக்குக் கலவைதான். இன்று சில மாத்திரைகளின் மேல்பூச்சிலும் மிட்டாய்களின் பளபளப்பிலும் அது இருக்கிறது.

கடையில் தயாராகக் கிடைக்கும் பிரெஞ்சு பாலிஷை வாங்குவது தொடக்கக்காரர்களுக்கு வசதி. நீங்களே கலக்க விரும்பினால் 100 கிராம் அரக்குச் செதிலுக்கு 600 மில்லி ஸ்பிரிட் போதும். கண்ணாடி பாட்டிலில் ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கி, மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். கலந்தது ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். பழசானால் காயாமல் பிசுபிசுக்கும். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் தொட்டுப் பாருங்கள். கெட்டியாகக் காய்ந்திருந்தால் சரி.

பூசுவதற்கு பிரஷ் தேவையில்லை. பஞ்சை உருட்டி, பழைய வேஷ்டித் துணியில் சுற்றிக் கொழுக்கட்டை போலப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சில் கொஞ்சம் பாலிஷை ஊற்றிப் பிழிந்தால் துணியில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அடிப்பக்கத்தில் ஒருமுறை பழகிவிட்டு மேல்பக்கத்துக்கு வாருங்கள். பலகையின் மேல் நேராகக் கொண்டுபோய் வைக்காமல், ஊஞ்சல் வந்து போவதுபோல ஒரு பக்கத்திலிருந்து தொட்டு, ஓடி, மறுபக்கம் கை விலக வேண்டும். நடுவில் கை நின்றால் துணி ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். துணி இழுப்பதுபோலத் தெரிந்தால் அதன் மேல் ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொள்ளலாம். பூசிய இடத்துக்கு உடனே திரும்பப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் விட்டு அடுத்த பூச்சு. ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். மொத்தம் எட்டுப் பத்து மெல்லிய பூச்சில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு வந்துவிடும்.

ஸ்பிரிட் பாட்டில்... ஜாக்கிரதை!

தமிழ்நாட்டில் ஸ்பிரிட்டுக்கும் பிரெஞ்சு பாலிஷுக்கும் என்றே 1959-ல் தனி விதிகள் போடப்பட்டன. மரப் பூச்சுக்கு எதற்கு மதுவிலக்குச் சட்டம் என்று தோன்றும். போதைக்காக அதைக் குடித்தவர்கள் இருந்ததுதான் காரணம். மர வேலைக்கான ஸ்பிரிட்டில் குடிக்கக் கூடாது என்பதற்காகவே விஷம் கலக்கப்படுகிறது. அதில் மெத்தனால் இருந்தால் சிறிதளவு உள்ளே போனாலும் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த சாராயத்தில் இருந்ததும் மெத்தனால்தான்.

அதனால் உரிமம் உள்ள கடையில், பில்லோடு, தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. மேலே 'விஷம்' என்று எழுதி ஒட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஸ்பிரிட் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் எரியக் கூடாது. அரக்கு மாளிகையை எரிப்பதற்கு ஏன் தேர்ந்தெடுத்துக் கட்டினார்கள் என்று மகாபாரதம் கேட்ட நமக்குத் தெரியாதா என்ன!

தானாகத் தீப்பிடிக்கும் துணி

இதைவிட யாரும் எதிர்பார்க்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. லின்சீட் ஆயில் காய்வது தண்ணீர் காய்வது போல அல்ல. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. அப்போது சூடு உண்டாகும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பு வைக்காமலேயே துணி பற்றிக்கொள்ளும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் மரப் பலகைகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. 1991 பிப்ரவரி 23-ம் தேதி, 22-வது மாடியில் விட்டுச் சென்ற எண்ணெய்த் துணிகளில் தானாகப் பற்றிய தீ, மாடி மாடியாக ஏறி 30-வது மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்களால்தான் அடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். பிறகு அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

தடுப்பது சுலபம். ஒவ்வொரு துணியையும் விரித்து, தனித்தனியாக வெளியே கொடியில் போடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். அல்லது தண்ணீர் நிரம்பிய பழைய வாளியில் முக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கை கழுவுவதுகூட அதற்குப் பிறகுதான்.

எந்த மாதம் நல்லது?

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாலிஷ் வேலையை ஆரம்பிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பிரெஞ்சு பாலிஷ் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகி, பூச்சு சமமாகப் பரவாது. பொங்கல் முடிந்து தை, மாசி மாதங்கள்தான் தோது. சாந்தோம், பெசன்ட் நகர் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், பனி விலகிய பின் காலையில் ஆரம்பித்து மதியம் கடல் காற்று வருவதற்குள் முடித்துவிடுங்கள். அந்தக் காற்று ஈரத்தோடு தூசியையும் கொண்டுவந்து பூச்சில் ஒட்டவைக்கும்.

மாட்டுவதற்கு முன்

கடைசிப் பூச்சு முடிந்து ஒரு வாரமாவது பலகையைச் சும்மா விடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே இன்னும் கெட்டியாகியிருக்காது. அதற்குள் கொக்கியைக் கவனிக்கலாம். பழைய வீட்டில் ஊஞ்சல் தொங்கியது மர உத்தரத்தில். ஃப்ளாட்டில் கான்கிரீட் தளத்தில் எங்கே, எந்த மாதிரி கொக்கி போடலாம் என்பதைக் கட்டட இன்ஜினீயரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டுவது வேலைக்கே ஆகாது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்புச் சங்கிலியும் கொக்கியும் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

மாட்டியதும் யாரும் ஏறி உட்கார வேண்டாம். 25 கிலோ அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். வளையம் வளையவில்லை, ஓட்டை விரியவில்லை, கொக்கி அசையவில்லை என்றால் வீட்டுப் பெரியவரை முதலில் உட்கார வையுங்கள்.

பிறகு பராமரிப்பு பெரிய விஷயமே இல்லை. உலர்ந்த துணியால் தூசி தட்டுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மெழுகு பாலிஷ். காபி டம்ளருக்குக் கீழே ஒரு கோஸ்டர்.

இந்த வார இறுதியில் முழு வேலையையும் தொடங்க வேண்டாம். இருவராகச் சேர்ந்து பலகையைப் பரணிலிருந்து பத்திரமாக இறக்குங்கள். கவிழ்த்துப் போட்டு, ஒரு மூலையில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். பஞ்சு பழுப்பானால் உங்கள் கையில் இருப்பது தாத்தா காலத்து அரக்குப் பூச்சு. மீதி வேலையை எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.